தொப்பியில் குத்திய காகிதம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் கேட்டபோது முதலில் தயங்கினேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழக்கம் உண்டு. கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் இந்த வருடம் நான் படித்த ஒரு சண்டையின் கதை மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். அப்பா ஒரு மாவு மிஷினில் வேலை பார்க்கிறார். நூலகத்தில் எங்கள் மாவட்டத்தின் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் கண்ணில் பட்டது. 1792-ல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாரமகாலும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அதை முடித்து வைத்தவர் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு. "இவர் இங்கே வருவதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று தேடினேன். அமெரிக்காவில் போர் செய்து தோற்றிருக்கிறார்! அந்தப் போரைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். அதில் ஒரு மாவு மில் வந்தது. மாவு மில் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மில்லின் பெயர் ராம்சோர் மில். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், இன்று லிங்கன்டன் என்று அழைக்கப்படும் ஊரில் இருந்தது. 1780-ம் ஆண்டு ஜூன் 20-ம் தேதி அதிகாலை அங்கே ஒரு சண்டை நடந்தது. பெரிய போர்களின் பட்டியலில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. ஆனால் சுதந்திரப் போர் என்றால் அடிமட்டத்தில் எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சண்டையை நான் படித்ததில்லை.

போரின் பின்னணி

அமெரிக்கக் கரையோரத்தில் இருந்த 13 குடியேற்ற நாடுகள் இங்கிலாந்து மன்னருக்கு எதிராக 1775-ல் ஆயுதம் தூக்கின, 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம் செய்தன என்பது நாம் பள்ளியில் படித்ததே. பாடப் புத்தகத்தைப் படித்தால் ஒரு பக்கம் அமெரிக்கர்கள், மறு பக்கம் செஞ்சட்டை போட்ட ஆங்கிலேயர்கள் என்றுதான் தோன்றும். உண்மை அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. அமெரிக்கர்களிலேயே கணிசமானவர்கள் மன்னர் பக்கம் நின்றார்கள். விடுதலை கேட்டவர்களை விக் என்றும், மன்னர் பக்கம் நின்றவர்களை டோரி என்றும் அழைத்தார்கள். நமக்கு எளிதாக இருக்கட்டும் என்று விடுதலைக் கட்சி, ராஜா கட்சி என்றே வைத்துக்கொள்கிறேன்.

வடக்கே 1777-ல் சரடோகாவில் ஆங்கிலேயப் படை ஒன்று முழுதாகச் சரணடைந்தது. அதன் பிறகு பிரான்சும் அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டது. எனவே ஆங்கிலேயர் தெற்கே திரும்பினார்கள். தெற்கில் ராஜா கட்சிக்காரர்கள் அதிகம்; நாம் போய் நின்றால் போதும், அவர்களே எழுந்து வருவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 1780 மே 12-ல் சார்லஸ்டன் துறைமுக நகரம் விழுந்தது. ஏறத்தாழ 5,000 பேர் சரணடைந்தார்கள். ஜூன் மாதத்தில் தெற்குப் படையின் தலைமை கார்ன்வாலிஸ் கைக்கு வந்தது.

கார்ன்வாலிஸ் வட கரோலினாவில் இருந்த ராஜா கட்சிக்காரர்களுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார். அவசரப்படாதீர்கள், முதலில் அறுப்பை முடியுங்கள், தானியத்தை வீடு சேருங்கள், நான் படையோடு வரும்வரை சத்தம் காட்டாமல் இருங்கள் என்பதே அது. விவசாயம் தெரிந்த எவருக்கும் இது நியாயமான யோசனை என்று புரியும். அவருடைய படையும் அந்தத் தானியத்தைத்தானே சாப்பிட வேண்டும்! இந்தப் பேச்சை யார் கேட்கவில்லை என்பதில்தான் நம் கதை தொடங்குகிறது.

மிலிஷியா என்றால் யார்?

மிலிஷியா என்பது சம்பளப் பட்டாளம் அல்ல, ஊர்ப்படை. ஏர் ஓட்டுகிறவர், கொல்லர், தச்சர், கடைக்காரர் என்று சாதாரண ஜனங்கள்தான். ஆபத்து என்று ஆள் வந்து சொன்னால், வீட்டில் மாட்டியிருக்கும் சொந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கையில் கிடைத்த சாப்பாட்டை மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். சண்டை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சீருடை கிடையாது. அணிவகுப்புப் பயிற்சி குறைவு. கேப்டன் என்பவர் பெரும்பாலும் அதே ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த பெரிய மனிதர்.

ராம்சோர் மில்லில் மோதிய இரண்டு கூட்டமும் இப்படிப்பட்ட ஊர்ப்படைகளே. செஞ்சட்டைப் பட்டாளமும் அங்கே இல்லை. வாஷிங்டனின் நிரந்தரப் படையும் அங்கே இல்லை. சுற்று வட்டாரத்து ஜனங்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள்.

மில்லில் கூடிய கூட்டம்

அந்த வட்டாரத்தில் குடியேறியவர்களில் ஜெர்மன் வம்சாவளியினர் அதிகம். பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு தெற்கே இறங்கி வந்து, காடு வெட்டி, நிலம் திருத்தி உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கு மில் என்பது அரைக்கும் இடம் மட்டும் அல்ல. எங்கள் ஊர் மாவு மிஷின் வாசலில் தூக்கு வாளியோடு நிற்பவர்கள் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, எந்தக் கட்சி ஜெயிக்கும் எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றி, அந்தச் சக்கரம் திருகைக் கல்லைச் சுற்றி அரைத்த அந்தக் காலத்து மில்லும் அப்படித்தான். எல்லாருக்கும் வழி தெரிந்த இடம். அதனால்தான் கூட்டம் கூட்டவும் அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

கூட்டியவர் ஜான் மூர். அதே பக்கத்து ஆள். ஆங்கிலேயர் பக்கம் போய்ச் சேர்ந்து, ராஜா கட்சியின் படைப்பிரிவு ஒன்றில் பதவி வாங்கிக்கொண்டு ஜூன் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். ஜூன் 10-ல் தன் அப்பா வீட்டுப் பக்கம் 40 பேரைக் கூட்டி, கார்ன்வாலிஸ் சொன்ன சேதியைச் சொன்னார். பொறுத்திருங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் விடுதலைக் கட்சியின் சிறு கூட்டம் ஒன்று தலைவர்களைப் பிடிக்க வருகிறது என்ற செய்தி வந்ததும் பொறுமை போய்விட்டது. 13-ம் தேதி ராம்சோர் மில்லுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் 200 பேர் வந்தார்கள். மறுநாள் நிக்கோலஸ் வெல்ச் என்ற இன்னொருவர் வந்து சேர்ந்தார். அவரும் முன்பு அங்கே குடியிருந்தவர்தான். இப்போது மேஜர். பளபளக்கும் புது ராணுவ உடுப்பு. கையில் தங்க கினி நாணயங்கள். அதை எல்லாருக்கும் காட்டினார். சார்லஸ்டன் விழுந்த கதையைச் சொன்னார். நம் பக்கம்தான் ஜெயிக்கிற பக்கம் என்றார். ஆசை காட்டியும் பயம் காட்டியும் பேசினார். கூட்டம் ஏறிக்கொண்டே போனது. 20-ம் தேதிக்குள் ஏறத்தாழ 1,300 பேர்! அதில் நாலில் ஒரு பங்கு ஆட்களிடம் துப்பாக்கியே இல்லை.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த 1,300 பேரும் மன்னர் மீது பாசம் பொங்கியா வந்தார்கள்? சிலர் செய்த சத்தியத்தை மீறக்கூடாது என்று வந்திருப்பார்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரன் வந்ததால் வந்திருப்பார்கள். சிலர் அந்தத் தங்க நாணயத்தைப் பார்த்து வந்திருப்பார்கள். வராமல் போனால் நாளைக்கு என்ன பேசுவார்களோ என்று வந்தவர்களும் இருப்பார்கள். கூட்டம் என்றால் இப்படித்தான் சேரும்.

எதிர்க் கூட்டம்

விடுதலைக் கட்சியின் ஜெனரல் கிரிஃபித் ரதர்ஃபோர்டு தூரத்தில் வேறொரு ஆங்கிலேயப் படையைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். மில்லில் கூட்டம் சேர்கிறது என்று தெரிந்ததும், உங்கள் ஊர் ஆட்களைத் திரட்டுங்கள் என்று கர்னல் பிரான்சிஸ் லாக் முதலானவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். 19-ம் தேதி மில்லிலிருந்து 16 மைல் தள்ளி ஏறத்தாழ 400 பேர் கூடினார்கள்.

கூடியதும் வாக்குவாதம். "ஜெனரல் 700 பேரோடு வருகிறார், அவரோடு சேர்ந்துகொள்வோம்" என்றார்கள் சிலர். "நாம் இப்போது பின்வாங்கினால் நம் வீடுகளுக்கு யார் காவல்? அவர்கள் கூட்டம் இன்னும் பெருகும்" என்றார்கள் வேறு சிலர். கடைசியில் இன்று இரவே நடந்து, விடிவதற்குள் அடிப்பது என்று முடிவானது. குதிரைக்காரர்கள் முன்னே, நடைக்காரர்கள் பின்னே. அதற்கு மேல் திட்டம் எதுவும் கிடையாது. சண்டை தொடங்கியபின் அந்தந்த கேப்டன் சமயத்துக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்! 1,300 பேரை எதிர்த்து 400 பேர், கையில் ஒரு வரைபடம்கூட இல்லாமல் போனது போலத்தான்.

இரண்டு பக்கமும் சீருடை இல்லையே, அப்படியானால் யார் யார் என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விடுதலைக் கட்சிக்காரர்கள் தொப்பியில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைக் குத்திக்கொண்டார்கள். ராஜா கட்சிக்காரர்கள் பச்சைப் பைன் மரக் கொழுந்தைச் செருகிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அதே ஊர், அதே உடுப்பு, ஒரே மாதிரித் துப்பாக்கி. ஒருவனுக்குக் காகிதம், மற்றவனுக்குக் கொழுந்து.

துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம்

நாம் இயந்திரவியல் படிக்கிறவர்கள். அந்தத் துப்பாக்கியைப் புரிந்துகொண்டால்தான் சண்டை ஏன் அப்படி முடிந்தது என்பது புரியும்.

அப்போது இரண்டு வகை இருந்தன. ஒன்று மஸ்கட். அதன் குழாய் உள்ளே வழவழப்பாக இருக்கும். குண்டு குழாயைவிடச் சற்றுச் சிறியது என்பதால் சீக்கிரம் உள்ளே போகும். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஆனால் 100 கஜத்தைத் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று ரைஃபிள். நம் ஒர்க்ஷாப்பில் லேத்தில் மரை வெட்டுகிறோம் அல்லவா? அதுபோல் இதன் குழாய்க்கு உள்ளே மிக நீளமான பிட்ச்சில் காடி வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தக் காடியைப் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியே வரும். பம்பரம் சுற்றும்போது சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டு திசை மாறாமல் போகும். 200 கஜத்திலும் ஆளைக் குறி வைக்கலாம். அமெரிக்காவில் பேர்பெற்ற இந்த நீள ரைஃபிளை உருவாக்கியவர்களே பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள்தான்.

ஆனால் ரைஃபிளுக்கு இரண்டு குறை. குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதால் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, குச்சியால் இடித்து இடித்து உள்ளே தள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பது போலத்தான். ஒரு குண்டு போட ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டாவது, வேட்டைக்கு என்று செய்ததால் முனையில் பயனெட் என்ற ஈட்டியை மாட்ட வசதி கிடையாது. எதிரி பத்தடி தூரத்தில் வந்துவிட்டால்? சுட நேரம் இல்லை. குத்த ஈட்டி இல்லை. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடிக்க வேண்டியதுதான்.

பனிமூட்டத்தில் ஒரு காலை

ஜூன் 20 விடியற்காலை. ஒரே பனிமூட்டம். மில்லுக்குக் கிழக்கே ஏறத்தாழ 300 கஜத்தில் ஒரு மேடு. ராஜா கட்சியின் கூட்டம் அங்கே தங்கியிருந்தது. நல்ல இடம்தான். சரிவில் மரங்கள் குறைவு. மேலிருந்து பார்த்தால் வருகிறவன் தெரிவான். சாலையில் சற்று முன்னால் 12 பேர் காவல் இருந்தார்கள். குதிரைக்காரர்கள் திடீரென்று பனிக்குள்ளிருந்து வெளிப்பட, காவல்காரர்கள் சுட்டுவிட்டு முகாமை நோக்கி ஓடினார்கள். குதிரைக்காரர்கள் துரத்திக்கொண்டு முகாமுக்கே வந்துவிட்டார்கள்.

முகாமில் பெரும் குழப்பம். ஆயுதம் இல்லாதவர்கள் கிடைத்த பக்கம் ஓடினார்கள். ஆனால் வந்தவர்கள் சிலர்தான் என்று தெரிந்ததும் மற்றவர்கள் நிமிர்ந்து நின்று சுட்டார்கள். குதிரைப்படையை நடத்தி வந்த கேப்டன் கல்பிரைத் ஃபால்ஸ் மார்பில் குண்டு பட்டு இறந்தார். குதிரைகள் பின்வாங்கின. அதற்குள் நடந்து வந்தவர்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். மேட்டிலிருந்தவர்கள் சரிவில் இறங்கிச் சுட்டார்கள். கீழே இருந்தவர்கள் ஏறிச் சுட்டார்கள். ஒரு தடவை இவர்கள் பின்வாங்கினார்கள், ஒரு தடவை அவர்கள். கேப்டன் ஹார்டின் என்பவர் சில ஆட்களோடு வேலி மறைவில் போய்ப் பக்கவாட்டிலிருந்து சுடத் தொடங்கினார். யாரும் உத்தரவு போடாமலே விடுதலைக் கட்சியின் வரிசை இரண்டு பக்கமும் நீண்டு மேட்டை வளைத்தது. திட்டம் இல்லாமல் வந்தவர்களுக்குத் தரையே திட்டம் சொல்லிக் கொடுத்தது என்றால் மிகையாகாது.

தொப்பியில் குத்திய வெள்ளைக் காகிதம் தங்கள் ஆளை அடையாளம் காட்டத்தான். ஆனால் அதுவே எதிரிக்கும் நல்ல குறியாகிவிட்டது. காகிதத்தைப் பார்த்துச் சுட்டதில் பலர் தலையில் குண்டு பட்டு இறந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அடையாளத்துக்குக் குத்திய காகிதமே எமனாக வந்தது.

கடைசியில் இரண்டு கூட்டமும் மேட்டின் மேல் கலந்துவிட்டன. குண்டு போட நேரம் இல்லை. பயனெட் இல்லை. துப்பாக்கிக் கட்டையாலேயே ஒருவர் மண்டையை ஒருவர் அடித்தார்கள். தூரத்தில் இருந்து சுடும்போது எதிரி வெறும் தொப்பி. கட்டையை ஓங்கும்போது முகம் தெரியும். அது நேற்றுவரை மில் வாசலில் பக்கத்தில் நின்ற முகமாகவும் இருக்கலாம். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், பழகியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

ராஜா கட்சியினர் மேட்டைவிட்டு இறங்கி, ஓடையைக் கடந்து மில் பக்கம் போய்விட்டார்கள். லாக் தன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தபோது 110 பேரைத்தான் நிறுத்த முடிந்தது. அந்தச் சமயத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளைக்கொடி வந்தது. இறந்தவர்களைப் புதைக்கவும் காயம் பட்டவர்களைக் கவனிக்கவும் சண்டையை நிறுத்துவோம் என்று கேட்டார்கள். தங்கள் பலவீனம் தெரிந்துவிடக்கூடாதே என்று இவர்கள், பத்து நிமிடத்தில் சரணடையுங்கள் என்று விறைப்பாகப் பதில் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் கொடி கொண்டு வந்தவர் திரும்பிப் போவதற்குள் அங்கே 50 பேர்தான் மிச்சம். மற்றவர்கள் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜெனரல் ரதர்ஃபோர்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து போயிருந்தது.

எண்ண முடியாத கணக்கு

மேட்டின் சரிவில் மட்டும் 56 உடல்கள் கிடந்தன. மற்ற இடங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 70 பேர் இறந்திருப்பார்கள் என்பது பழைய கணக்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். பக்கத்துக்கு நூறு பேர் அளவில் காயம். சரியான எண்ணிக்கை ஏன் கிடைக்கவில்லை? யாரும் பட்டியல் எழுதி வைக்கவில்லை. சீருடையும் இல்லை. தொப்பி கழன்று விழுந்துவிட்டால் இறந்து கிடப்பவன் எந்தக் கட்சி என்று எப்படிச் சொல்வது? பலரை ஒரே பள்ளமாக வெட்டிப் புதைத்தார்கள். காயம் பட்டவர்களைப் பக்கத்தில் இருந்த கிறிஸ்டியன் ரைன்ஹார்ட் என்பவருடைய வீட்டில் கிடத்தினார்கள்.

ஜான் மூர் 30 பேரோடு தப்பித்து ஆங்கிலேயர் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மாலை மரியாதை கிடைக்கவில்லை. உத்தரவை மீறியவர் என்று விசாரணை வைப்பதாக மிரட்டினார்கள். கார்ன்வாலிஸ் கோபப்பட்டதில் ஆச்சரியம் என்ன? அவர் நம்பியிருந்த கூட்டம் அறுப்புக்கு முன்பே கலைந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் ராஜா கட்சி மறுபடி அப்படித் திரளவே இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 7-ல் கிங்ஸ் மவுண்டன் என்ற மலையில் இன்னொரு ஊர்ப்படைச் சண்டை நடந்தது. ராஜா கட்சிப் படையின் தலைவர் ஃபெர்குசன் ஒருவரைத் தவிர இரு பக்கமும் ஏறத்தாழ எல்லோருமே அமெரிக்கர்கள். அங்கேயும் ராஜா கட்சி தோற்றது.

1781 ஜனவரியில் கார்ன்வாலிஸ் தானே அந்த ராம்சோர் மில்லுக்கு வந்தார். எதிரியை வேகமாகத் துரத்த வேண்டும் என்று தன் படையின் வண்டிகளையும் மூட்டை முடிச்சுகளையும் அங்கேயே கொளுத்தினார். ஏழு மாதத்துக்கு முன் தனக்காக 1,300 பேர் கூடிய இடம் அது. அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் அவருடைய படை சரணடைந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அவர் வரவில்லை; தன் உதவித் தளபதியை அனுப்பினார். அந்த உதவித் தளபதியிடம் சரணை ஏற்றுக்கொண்டவர், சார்லஸ்டனில் ஆங்கிலேயரிடம் தோற்ற அதே ஜெனரல் பெஞ்சமின் லிங்கன். லிங்கன்டன் ஊர் இருக்கும் மாவட்டத்துக்கு அவர் பெயர்தான். நாம் நினைக்கும் ஆபிரகாம் லிங்கன் அல்ல.

ஐந்து ஆண்டு கழித்து, 1786-ல் கார்ன்வாலிஸ் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். பிறகு நடந்தது எங்கள் பாரமகால் கதை. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெரிய சிலை இருக்கிறது. திப்புவின் பிள்ளைகளைப் பணயமாகப் பெற்ற காட்சியை அதன் பீடத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ராம்சோர் மில் அந்தச் சிலையில் இல்லை.

அப்பா கேட்ட கேள்வி

இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷின் நின்ற பிறகு அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை கேட்பதில் கெட்டிக்காரர். தலையில் ஒட்டியிருந்த மாவைத் துண்டால் தட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார். காகிதம், கொழுந்து, துப்பாக்கிக் கட்டை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன்டா, மறு வாரம் மாவு அரைக்க எங்கடா போனாங்க?"

நான் முழித்தேன்.

"அறுப்பு நேரம்னு சொன்னியே. தானியம் வந்திருக்கும்ல? அந்தப் பக்கம் இருக்கிற மில்லு அதுதான்னா, ரெண்டு கட்சிக்காரனும் அங்கதான மூட்டையத் தூக்கிட்டு வந்திருக்கணும்? ஒருத்தன் பின்னால ஒருத்தன் நின்னிருக்கணும்ல?"

மூன்று வாரம் டிக்ஷனரியோடு படித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஜெயித்தது யார், தோற்றது யார் என்பதோடு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அப்பா வரிசையில் நிற்பவர்களைத் தினமும் பார்ப்பவர். அதனால் அவருக்குத் தோன்றியது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அமெரிக்கா அல்ல, நம் பாலிடெக்னிக். போன வருட யூனியன் தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு அணி, இரண்டு நிற பேட்ஜ். என் ஊர்க்காரன் ஒருவன், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, இப்போதும் ஒரே பஸ், வேறு பிரிவு. அவன் அந்த நிறம் குத்தினான். நான் இந்த நிறம் குத்தினேன். ஏன் இந்த நிறம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ரூம் நண்பர்கள் குத்தினார்கள், நானும் குத்தினேன். முடிவு அறிவித்த அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நடந்த தள்ளுமுள்ளில் அவன் விழுந்து கை எலும்பு முறிந்தது. அந்தக் கையோடு ஒர்க்ஷாப் பிராக்டிகல் செய்ய முடியாமல் ஒரு அரியர் விழுந்தது. தள்ளிய கூட்டத்தில் நானும் இருந்தேன். தள்ளிய கை என்னுடையதா, இல்லையா என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு பல மாதம் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவன் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கு அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்டா" என்று சொன்னேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நிறுத்தம் தாண்டியபின், "தெரியும்டா" என்றான். பிறகு, "அரியர் பேப்பருக்கு உன் ஒர்க்ஷாப் நோட்டு வேணும். நாளைக்கு எடுத்துட்டு வா" என்றான். எடுத்துக்கொண்டு போனேன்.

நண்பர்களே! ராம்சோர் மில்லில் இறந்தவர்களை நம் தேர்தலோடு ஒப்பிடுவது பெரிய வார்த்தை என்று எனக்கும் தெரியும். அவர்களில் பலர் உண்மையாகவே நம்பிய ஒன்றுக்காக உயிர் கொடுத்தார்கள். அந்தச் சண்டையும் சேர்ந்துதான் ஒரு நாடு பிறந்தது. கொள்கை வேண்டாம், அணி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்று அந்தப் போர்க்களத்தை ஒட்டிப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. எந்தத் தொப்பியில் எது இருந்தது என்று தெரியாத முன்னோர்களின் மேட்டுப் பக்கத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

இந்த வருடமும் தேர்தல் வரும். பேட்ஜ் குத்துவோம், கோஷம் போடுவோம். குத்துவதற்கு முன் ஏன் குத்துகிறோம் என்று நம்மை நாமே ஒரு முறை கேட்டுக்கொள்வோம். முடிவு வந்த அன்று மாலையே அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வோம். மறுநாள் காலை எல்லாரும் ஏற வேண்டியது அதே பஸ்தானே.